பாட்டுப் படித்தலும் சங்கீதம் பயில்தலும்: இசைக் கல்லூரித் தேர்வு குறித்து ஒரு நோக்கு

கிழக்கிலங்கைத் தமிழிலே 'பாடுதல்' என்னும் வினை பேச்சில் அருகியே வழங்குவது. 'அவள் நல்லாப் பாட்டுப் படிப்பாள்' என்பதே மக்கள் வழக்கு. கண்ணகி கோயிலிலே வழக்குரை படிக்கப்படும். வயலிலே கவி படிக்கப்படும். பாடசாலைக்குச் சென்று கல்வி கற்றலும் படித்தலே. ஒரு சொல்லுக்கு இரு பொருள் அமைந்தமையை மொழியிலே தற்செயலாக நேர்ந்ததென விட்டுவிடலாம். ஆயின், இசையைத் தன் கல்வியாகக் கொள்ள விரும்பும் இப்பிரதேச மாணவர் ஒருவரின் நிலையை நோக்குமிடத்து, அவ்விரு பொருளும் ஒன்றையொன்று அறியாதனவாய் விலகி நிற்றலைக் காண்கின்றோம். வீட்டிலும் வயலிலும் கோயிலிலும் அவர் படித்த பாட்டு ஒன்று. கல்லூரியிற் படிக்க வேண்டிய சங்கீதம் பிறிதொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து பார்த்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எந்தக் கல்லூரியைத் தெரிவது என்ற வினா, பொதுவாகப் பெற்றோரும் மாணவரும் தம்முள்ளே பேசித் தீர்க்கும் ஒன்றாகவே கருதப்பட்டு வந்துள்ளது. விடுதி வசதி, பயணத் தூரம், பட்டத்தின் பெறுமதி, ஆசிரிய நியமனம் ஆகியனவே அங்கு அளவுகோல்கள். அவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. எனினும் ஒரு கல்லூரியைத் தெரிவு செய்பவர் இசை எது என்பது பற்றிய ஒரு கருத்தினையும் உடன் தெரிவு செய்கின்றார். அக்கருத்தினை விமர்சன நோக்கிற்கு உட்படுத்துதல் பல்கலைக்கழகம் சார்ந்த நமது கடமையாகும்.

1. ஊரும் அதன் செவியும்

இவ்வினாவை ஓரிடத்தில் நின்று எழுப்புதல் தெளிவு தரும். பெரியநீலாவணையை எடுத்துக்கொள்வோம். அம்பாறை மாவட்டக் கரையோரம் மட்டக்களப்பு மாவட்டத்தைத் தொடும் வட எல்லையில் அமைந்தது அவ்வூர். அதற்குத் தெற்கே கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊராகிய மருதமுனை. அப்பால் திரௌபதை அம்மன் கோயிலையும் பாரதக் கதையோடு இணைந்த தீமிதிப்பு விழாவையும் உடைய பாண்டிருப்பு. பின்னர் கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது. அதனையும் கடந்தால், விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவு. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இச்சிறு கரைத்துண்டிலே எத்தனை வகைப்பட்ட ஓசைகள் செவியில் விழுகின்றன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வைகாசியிலே கண்ணகி கோயில்களில் வழக்குரையும் குளிர்த்திப் பாடலும் எழுகின்றன. வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலே அண்ணாவியார் மத்தளம் இசைக்கத் தாளக்கட்டும் தருவும் ஒலிக்கின்றன. வசந்தனாட்டத்தில் கோலின் ஒலியே தாளமாகின்றது. முஸ்லிம் ஊர்களிலே பக்கீர்மாரின் றபானும் பைத்தும், பொல்லடியின் அடியொலியும், முனாஜாத்தும் தாலாட்டும் வழங்கி வந்துள்ளன. கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழாக் காலம் இவ்வோசைகளுக்கு உரிய பருவமாக இருந்து வந்தது. இரு சமூகத்தாருக்கும் பொதுவானவை நாட்டார் கவிகள். வயற்காவலின் தனிமையிலும் காதலின் ஏக்கத்திலும் பிறந்த அந்நாலடிப் பாடல்கள், பக்கவாத்தியம் ஏதுமின்றி, நீட்டி இசைக்கப்படுவன.

இவ்வூரின் செவிக்கு எழுத்திலும் ஒரு சான்றுண்டு. ஊர்ப் பெயரையே தன் புனைபெயராக்கிக் கொண்ட கவிஞர் நீலாவணன் (1931–1975) பெரியநீலாவணையைச் சேர்ந்தவர், இயற்பெயர் சின்னத்துரை, தொழிலால் ஆசிரியர். கல்முனை எழுத்தாளர் சங்கத்தின் உயிர்நாடியாக விளங்கியவர். அவர் மறைவின் பின்னர் 'வழி' (1976), 'வேளாண்மை' (1982) ஆகியன நூல்களாயின. உழவரின் வாழ்வையும் பேச்சையும் காவியப் பொருளாக்கியது 'வேளாண்மை'. நீலாவணனின் கவிதையிலே காணப்படும் ஓசைச் செழுமை யாப்பிலக்கண நூலினின்று மட்டும் வந்ததன்று. களத்திலும் கோயிலிலும் கேட்டுப் பழகிய செவியொன்று அதன் பின்னே நிற்கின்றது. இலக்கிய விமர்சகர் அச்செவியை எளிதில் இனங்கண்டு போற்றியுள்ளனர். இசைக் கல்வி அதனை இனங்கண்டதா என்பதே நம் வினா.

2. கல்லூரிகள் வந்த வழி

ஈழத்துத் தமிழரின் இசைக் கல்வி நிறுவன வடிவம் பெற்ற வரலாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்கு உட்பட்டதே. வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தோன்றித் தரப் பரீட்சைகளை நடத்தலாயிற்று. அதன் உச்சப் பட்டமான 'கலாவித்தகர்' இன்றும் ஆசிரியர் பெயர்களோடு சேர்ந்து நிற்கின்றது. உயர் பயிற்சி வேண்டியோர் கடல் கடந்தனர். 1929இல் பல்கலைக்கழகமாகிய சிதம்பரம் அண்ணாமலைக்குச் சென்று 'சங்கீதபூஷணம்' பெற்றுத் திரும்பியோரும், சென்னையிலே பயின்றோரும் ஈழத்தின் முதல் தலைமுறை இசையாசிரியராயினர். 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் சங்கீத அக்கடமி நிறுவப்பட்டது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற தமிழகத்து வித்துவான்கள் அங்கு அதிபராகப் பணியாற்றினர். 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. கிழக்கிலே 1982இல் கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் இசை நடனக் கல்லூரி எழுந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்து, 2005இல் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாயிற்று. நீலாவணனின் 'வேளாண்மை' நூலானதும் கல்லடிக் கல்லூரி பிறந்ததும் ஒரே ஆண்டில் என்பது, இவ்விரு செல்வங்களையும் ஒருங்கே நோக்க நம்மைத் தூண்டும் ஒரு நினைவாகும்.

இவ்வரலாற்றிலே ஓர் உண்மை புலப்படும். பரீட்சையாயினும் கல்லூரியாயினும், அவை யாவும் ஒரு மரபையே 'சங்கீதம்' எனக் கொண்டன. தஞ்சைச் சமவெளியிலே அரசவையாலும் கோயிலாலும் பேணப்பட்டு, பின்னர் சென்னை நகர மத்தியதர வகுப்பினரின் சபைகளிலே செம்மையாக்கப்பட்ட கர்நாடக இசையே அது. சரளிவரிசையிற் தொடங்கி, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என ஏறும் படிமுறை எங்கும் ஒன்றே. மென்மையும் நுட்பமும் வாய்ந்த அம்மரபின் பெருமையை எவரும் மறுத்தற்கில்லை. குரலைச் சுருதியில் நிறுத்தவும், லயத்தை உடலிற் பதிக்கவும், மனோதர்மத்தை ஒழுங்குடன் வளர்க்கவும் அதற்கு நிகரான பயிற்சி முறை தமிழரிடம் வேறில்லை. ஆயினும் அம்மரபினுள்ளும் மொழி பற்றிய பூசல் எழுந்தது. தெலுங்கும் வடமொழியும் மேடையை ஆண்ட நிலையை எதிர்த்து 1941இல் அண்ணாமலையிலே தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. பாடற்பொருளின் மொழி மாறவேண்டும் என்று அவ்வியக்கம் கோரிற்று. இசையின் உரிமையாளர் யார் என்ற வினாவை அது அந்த அளவிற்கு எழுப்பவில்லை. உழவரின் பாட்டும் பக்கீரின் பைத்தும் தமிழிசை மேடைக்கு வெளியிலேயே நின்றன.

நமது பல்கலைக்கழகங்களில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தினைப் பல்கலைக்கழக அரங்கிற்குக் கொணர்ந்தார். 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1965) முதலியன மட்டக்களப்புக் கூத்தின் வலிமையைக் கற்றோர் கண்முன் நிறுத்தின. எனினும் அம்முயற்சியின் பயன் நாடகத் துறைக்கே பெரிதும் சென்றது. கூத்து 'நாடகமும் அரங்கியலும்' என்ற பாடத்தின் பொருளாயிற்று. கூத்தின் ஆட்டத்திற்கும் அரங்கிற்கும் ஆய்வாளர் பலர் வாய்த்தனர். கூத்தின் பாட்டு, அதன் இராக நிழல்கள், தருக்களின் அமைப்பு, மத்தளச் சொற்கட்டின் கணக்கு ஆகியன இசைத் துறைக்கும் நாடகத் துறைக்கும் இடையே பெரும்பாலும் உரிமையாளரின்றி நிற்கின்றன.

3. யாழ்நூல் என்னும் உரைகல்

கல்லடியில் உள்ள கல்லூரிக்கு விபுலாநந்தரின் பெயர் இடப்பட்டமை பொருத்தமே. 1929இல் சிவாநந்த வித்தியாலயத்தை அவர் கண்டதும், அவரது சமாதி அமைந்ததும் அம்மண்ணிலேயே. ஆயின் பெயர் சூட்டுதல் ஒரு பொறுப்பினையும் சுமத்துகின்றது. அப்பொறுப்பு யாதென அறிய யாழ்நூலையே உரைகல்லாகக் கொள்ளலாம்.

அடிகள் எந்த இசைக் கல்லூரியின் வார்ப்பும் அல்லர். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, விஞ்ஞானத்திற் பட்டம் பெற்றவர். 1931 முதல் 1933 வரை அண்ணாமலையிலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947இல் வெளியிட்ட யாழ்நூல், அவர் மறைந்த அதே ஆண்டில் அரங்கேறிற்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே யாழாசிரியன் அமைதி கூறும் சில அடிகளே அந்நூலின் வித்து. அவ்வடிகளை ஓர் இலக்கியப் பகுதியாக மட்டும் அவர் வாசிக்கவில்லை. நரம்பின் நீளத்தையும் அலைவெண்ணையும் கணித்தார். பாலைத் திரிபுகளை எண்களால் நிறுவினார். தேவாரப் பண்களோடு ஒப்பிட்டார். மறைந்துபோன கருவியொன்றின் வடிவத்தை மீட்டெடுக்க முயன்றார். இலக்கியம், கணிதம், செவி ஆகிய மூன்றும் ஒருங்கு கூடிய ஆய்வு முறை அது. காரைதீவுக் கண்ணகி கோயிலின் சூழலிலே வளர்ந்த சிறுவனுக்குச் சிலப்பதிகாரம் அயலார் நூலாக இராது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே வேளையில் யாழ்நூலின் எல்லையையும் கூறுதல் விமர்சன நேர்மையாகும். அதன் நோக்கு பழமையை மீட்டல். சங்க இலக்கியமும் சிலம்பும் தேவாரமுமே அதன் மையம். அடிகள் வாழ்ந்த காலத்தில் அவரது ஊரைச் சூழ வயல்களிலே உயிரோடிருந்த கவியும், அயலூர் முஸ்லிம்களின் பைத்தும் அவ்வாய்வின் பொருளாகவில்லை. மறைந்த யாழைத் தேடிய கண்ணுக்கு மறையாத றபான் புலப்படவில்லை என்று ஒருவர் கூறின் அது கடுமையான கூற்றே. ஆயினும் முற்றும் பிழையென்று தள்ளிவிட இயலாது. அடிகளின் காலம் தமிழின் தொன்மையை நிறுவவேண்டிய காலம். அத்தேவை அவரது தெரிவினை வகுத்தது. நம் காலத்தின் தேவை வேறு. அவர் விட்டுச் சென்ற முறையை எடுத்து, அவர் தொடாத பொருளுக்குச் செலுத்துவதே அவர் பெயர் தாங்கிய நிறுவனத்தின் கடன். வழக்குரை எத்தனை சுரங்களுள் இயங்குகின்றது? கவியின் நீட்டலில் வரும் நுண்சுருதி எது? பொல்லடியின் தாளக் கணக்கு வசந்தனின் கணக்கோடு எங்கு ஒன்றி எங்கு வேறாகின்றது? இவை யாழ்நூல் முறையால் விடை காணத்தக்க வினாக்கள்.

4. தெரிவு செய்வோர் நிலை

இனி, பெரியநீலாவணையில் உயர்தரம் கற்று முடித்த மாணவி ஒருத்தியை மனத்திற் கொள்வோம். பல்கலைக்கழக இசைக் கற்கைக்குப் பரீட்சைப் பெறுபேறு மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சையிலும் அவள் பாடிக் காட்டல் வேண்டும். அங்கு வர்ணமும் கீர்த்தனையும் கேட்கப்படும். தாயிடம் கற்ற தாலாட்டையும் கோயிலிற் கற்ற குளிர்த்தியையும் அவள் வாசலிலேயே விட்டுச் செல்கின்றாள். இசையறிவு அற்றவளாக அவள் அங்கு செல்லவில்லை. ஓரறிவை மறைத்துவைத்து வேறோர் அறிவைக் காட்டுமாறு கேட்கப்படுகின்றாள். சிறு வயது முதல் குரு ஒருவரிடம் பணம் செலுத்திக் கற்க வசதியற்ற உழவர், மீனவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்தடை இன்னும் உயர்ந்தது. வகுப்பு வேறுபாடு இங்கு சுருதியின் வடிவத்தில் வந்து நிற்கின்றது.

மருதமுனை மாணவரின் நிலையோ இதனினும் சிக்கலானது. சாதாரண தரத்திலே சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம், தமிழ் அல்லது அரபு இலக்கிய நயம் ஆகியன ஒரே தொகுதியில் அமைந்து, அவற்றுள் ஒன்றையே தெரியுமாறு நெடுங்காலமாக வகுக்கப்பட்டு வந்துள்ளன. முஸ்லிம் மாணவர் பெரும்பாலும் சித்திரத்தையோ இலக்கிய நயத்தையோ நாடுவர். இசை மார்க்கத்திற்கு ஆகுமா என்ற விவாதம் அச்சமூகத்தினுள்ளே நிகழ்வது. அதற்கு வெளியிலிருந்து தீர்ப்புக் கூறுதல் நமது வேலையன்று. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அங்கு ஓதுதல் வேறு, பாடுதல் வேறு. பைத்தும் மௌலூதும் ஓதப்படுவன. அவற்றை 'இசை' என்ற தலைப்பின்கீழ் அடக்க முனைவது அறியாமையாகும். 'இசை'யில் அடங்கா என்று கூறிக் கல்வியினின்றே விலக்குவதும் அறியாமையே. ஓசையின் ஒழுங்கை ஆராயும் ஒரு கல்வி, அவ்வோசைக்கு உரியோர் வழங்கும் பெயரையும் மதித்து ஏற்றல் வேண்டும். இக்கரையிலேயே ஒலுவிலில் 1995இல் தோன்றி, மறு ஆண்டு முழுநிலை எய்திய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கலை, பண்பாட்டுப் பீடம் உண்டு. இசைக்கெனத் தனித்துறை இல்லை. கல்லடியிலோ மருதனார்மடத்திலோ உள்ள இசைத் துறைக்கு ஒரு முஸ்லிம் மாணவரை அழைத்துச் செல்லும் பாதை கிட்டத்தட்ட இல்லை எனலாம். பக்கீரின் றபானை ஆராய ஒருவர் முன்வரின் அவர் எத்துறையின் கதவைத் தட்டுவது?

இந்நிலையிலே கல்லூரித் தேர்வு குறித்து யாது கூறலாம்? கச்சேரி மேடையையே இலட்சியமாகக் கொண்டவர்க்குச் சென்னை இன்றும் ஈடற்றது. மார்கழி விழாக்களின் கேள்வி ஞானத்தை எப்பாடத்திட்டமும் தர இயலாது. ஆனால் அது வசதி உடையோர்க்கே எட்டுவது. மருதனார்மடத்திலே நீண்ட ஆசிரிய பரம்பரையும், நாதஸ்வர, தவில் மரபினால் வளம்பெற்ற சுற்றுச் சூழலும் உண்டு. ஆயின் போர்க்காலத்தில் கிழக்கு மாணவர்க்கு யாழ்ப்பாணம் எட்டாத் தொலைவாயிற்று. 1990 முதல் 2002 வரையும், மீண்டும் 2006 முதல் 2009 வரையும் கண்டி வீதி பொதுப் போக்குவரத்திற்கு அடைபட்டுக் கிடந்தமை நாம் அறிந்ததே. அக்காலத்தில் கல்லடி பலர்க்குத் தெரிவாக அமையவில்லை. இருந்த ஒரே வழியாக அமைந்தது. இன்று வீதிகள் திறந்துள்ளன. எனவே கல்லடியைத் தெரிவதாயின் அதற்கு அருகாமையினும் மேலான காரணம் வேண்டும்.

அக்காரணம் உண்டு என்பதே இக்கட்டுரையாசிரியரின் துணிபு. இசைத் துறை, நடனத் துறை, நாடகத் துறை ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்து, கூத்தும் வசந்தனும் கண்ணகி வழிபாடும் பஸ்ஸில் சென்றடையும் தூரத்தில் உயிர்ப்புடன் இருக்கும் இசை நிறுவனம் தமிழருக்கு வேறெங்கும் எளிதில் வாய்க்காது. ஆராய்ச்சிப் பொருளின் நடுவிலேயே அது அமைந்திருக்கின்றது. தன் காலடியிலுள்ள செல்வத்தை முழுதும் அறிவாக மாற்றிக்கொள்ளுமாயின், அருகிலிருப்பதனால் மட்டும் தெரிவு செய்யப்படும் நிலை மாறி, யாழ்ப்பாணத்து மாணவரும் தேடி வரும் நிலை அதற்கு உருவாகும்.

5. ஓர் எச்சரிக்கையும் முடிபும்

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். நாட்டார் இசையைப் பாடத்திட்டத்திற் சேர்ப்பதால் தரம் தாழும் என்பர் சிலர். அவர்களது அச்சம் வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கத்தக்கதன்று. ஆண்டு விழாவிலே மாணவர் வண்ணச் சேலை கட்டி, மின்னியக்க வாத்தியத்தோடு ஐந்து நிமிடம் 'கிராமியப் பாடல்' வழங்குதலை நாட்டார் இசைக் கல்வி எனக் கொண்டால், தரம் தாழ்வது உறுதி. கர்நாடக இசைக்கு நாம் எவ்வளவு கடுமையான பயிற்சியை வேண்டுகின்றோமோ, அவ்வளவு கடுமையைக் கவிக்கும் வழக்குரைக்கும் வேண்டல் தகும். அண்ணாவியார் ஒருவரிடம் ஈராண்டு மத்தளம் பயின்றவர், மிருதங்கம் பயின்றவர்க்கு நிகராக மதிக்கப்படல் வேண்டும். ஒரு கவியின் இசையைச் சுரப்படுத்துதலும் ஒரு வர்ணத்தைப் பாடுதலும் ஒரே பரீட்சைத் தாளில் இடம்பெறல் வேண்டும். கர்நாடகப் பயிற்சியைக் குறைக்குமாறு எவரும் கோரவில்லை. அப்பயிற்சியால் கூர்மையுற்ற செவியே நாட்டாரிசையின் நுட்பத்தை அளக்க வல்லது. அடிகளின் விஞ்ஞானப் பயிற்சி யாழினை அளக்க உதவியது போன்றே இதுவும்.

மாணவரை நோக்கியும் ஒரு சொல். கல்லூரியைத் தெரியுமுன் அதன் கட்டடத்தையும் பட்டத்தையும் கேட்டறிதல் போல, அதன் நூலகத்தில் உங்கள் ஊர்ப் பாட்டின் ஒலிப்பதிவு ஒன்றேனும் உண்டா என்றும் கேளுங்கள். இறுதியாண்டு ஆய்வுக்கு உங்கள் பாட்டியின் தாலாட்டை எடுத்துக்கொள்ள அனுமதிப்பரா என்று கேளுங்கள். பட்டம் பெற்றபின் நீங்கள் கற்பிக்கப்போகும் வகுப்பறை பெரும்பாலும் இக்கரையோரப் பாடசாலை ஒன்றிலேயே அமையும். அங்கு உங்கள் முன் அமரும் பிள்ளை, நீங்கள் வாசலில் விட்டுச் சென்ற அதே தாலாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. சரளிவரிசையை அப்பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவீர்கள் என்பது நீங்கள் தெரிந்த கல்லூரியைப் பொறுத்தது.

கவி அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். 2004 ஆழிப்பேரலை இக்கரையிலே ஒரே காலைப் பொழுதில் கொண்டுசென்ற குரல்கள் எத்தனை என்று எவரும் எண்ணவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட யாழை நூல்களிலிருந்து மீட்க ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட நேர்ந்தது. இன்று கேட்கும் பாட்டையும் அவ்வாறே நூல்களில் தேடவேண்டிய நிலையைப் பின்வருவோர்க்கு நாம் வைத்துச் செல்லலாகாது. கிழக்குக் கரை மக்கள் பாட்டையும் பாடத்தையும் 'படித்தல்' என்ற ஒரே சொல்லாற் குறித்தனர். அச்சொல்லின் இரு பொருளும் ஒரே வகுப்பறையிற் சந்திக்கும் கல்லூரி எதுவோ, அதுவே நம் மாணவர் தெரிவு செய்தற்குரிய கல்லூரியாகும்.